இரண்டு வாசலிலும் ஏச்சு

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு நலம், மனசுக்கு இல்லை. அதனால் கடிதம் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். கடைசிவரை படியுங்கள்.

உங்கள் தங்கை கண்டுபிடித்த தடுப்பூசியைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் காய்ச்சலுக்கு இதுவரை எவராலும் முடியாததை அவள் செய்திருக்கிறாள். எங்கள் ஒரே பிள்ளை சின்னவளைக் கொண்டுபோன அதே காய்ச்சல். படத்தில் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டீர்களாம். எப்படிச் சிரிப்பாள்? படம் எடுப்பதற்குச் சற்று முன்புதான் ஆய்வு நிலைய இயக்குநர் அவளைத் தனியே கூப்பிட்டு, நிருபர்களிடம் சாமி, பிரார்த்தனை என்று வாயைத் திறக்க வேண்டாம், நிலையத்தின் மானம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். கிருமி வளர்க்கும் வெப்பப்பெட்டியைத் திறக்கும் முன் அவள் கண்ணை மூடி நிற்பது அங்கே பெரிய வேடிக்கை. முடிவுகளை மேலேயிருந்து கேட்டு எழுதிக்கொள்கிறாள் என்று டீ குடிக்கிற இடத்தில் பேச்சு.

முதல் மருந்து பலித்துவிட்டது என்று இந்த மேதாவிகள் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு குடுவையில் வேறு கிருமி கலந்திருப்பதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பேசாமல் இருந்திருக்கலாம். அத்தனை உழைப்பையும் தானே குப்பையில் கொட்டினாள். இயக்குநர் குதித்ததற்கு, "கடவுள் படைச்சதைப் பத்தி நான் பொய் எழுத முடியாது சார்" என்றாளாம்.

சரி, அவர்களாவது வெளியாட்கள். நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் எங்கள் ஊர்ப் பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவருக்கு என்ன வந்தது? போன வாரம் பிரசங்கத்தில், படைத்தவனோடு போட்டி போடுகிறவர்களின் மடியை அவன் வெறுமையாக்குவான் என்றார். பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது ஆய்வகத்தில் கிருமி வளர்த்த தாயும் உண்டு என்றார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூடமே அவளைப் பார்த்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவள் கடைசிவரை இருந்து, மண்டியிட்டு வேண்டிக்கொண்டுதான் வந்தாள். வழியெல்லாம் நான் கத்தினேன். "நான் பெரியவர்கிட்ட பேசவா போனேன்?" என்றாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சின்னவளின் ஸ்வெட்டரை எடுத்துத் துவைத்தாள். அதில் அழுக்கே இல்லை, மச்சான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். சின்னவள் போன அன்று அவள் ஆய்வகத்தில் இருந்தது அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரிந்தது? நான் சொல்லவில்லை. அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்தான்; அடக்கம் முடிந்து உங்கள் தோளில் சாய்ந்து அழுதபோது. வெறும் சளிதான் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் வேலைக்குப் போனேன் என்றும் சேர்த்துத்தானே அழுதாள்? அதை மட்டும் ஏன் அவரிடம் சொல்லாமல் விட்டீர்கள்? யாரோ ஊகித்துச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் அவள் இன்னமும் நம்புகிறாள். அந்த நம்பிக்கையை நான் கலைக்க மாட்டேன். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

நேற்று அக்கா போனில் அழுதார். உங்கள் ஊரிலும் காய்ச்சல் பரவுகிறதாம். பெரியவர் தடுத்துவிட்டதால் குட்டிக்கு ஊசி வேண்டாமென்று முடிவு செய்துவிட்டீர்களாம். உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஒரு மருந்துக் குப்பியைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லி நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாள். குட்டியின் பெயர் என் காதில் விழுந்தது.

என்மேல் கோபமிருந்தால் வந்து நேரில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வரும்போது குட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள். ஊசியை அவளே போடுவாள். குட்டி அழும். அழட்டும் மச்சான். இந்த வீட்டில் ஒரு குழந்தை அழுது வெகுநாளாகிறது.

குட்டி நூறு வயது இருக்க வேண்டுமென வேண்டும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்