சுண்ணாம்புக் கோட்டில் ஓரிடம்

என் அன்பான வதினா,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் கிணற்றில் விழவில்லை, இறங்கினேன். படி வழியாக, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, முழு நினைவோடு இறங்கினேன். ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் சம்சாரம் நாத்தனார் போன துக்கம் தாங்காமல் கிணற்றில் குதித்துவிட்டாள், நல்லவேளையாக மாட்டுக்காரர் பார்த்துவிட்டார், கயிறு போட்டு இழுத்தார்கள் என்று. அது என் கயிறு. கடைத்தெருவில் நானே பார்த்து வாங்கியது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள். நீங்கள் என் கணவரின் அக்கா, இந்தப் பக்கத்து வழக்கில் எனக்கு வதினா. நீங்கள் முதலில் கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தீர்கள். பிறகு உங்கள் தம்பியும் போனார். அதற்குப் பிறகு நாம் இருவரும்தான் அந்த வீட்டில். போன ஆடியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கட்டிலை நகர்த்தவில்லை. காலையில் பழக்கத்தில் காபிக்கு இரண்டு டம்ளர் எடுத்துவிடுகிறேன், ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் பால்காரர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வந்தது. காய்ச்சலா என்று கேட்டார். காய்ச்சல் இல்லை. அன்று காலையிலிருந்து நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான். உங்களோடு சண்டை போட்டே எனக்குத் தொண்டை பழகியிருந்தது போலும்.

அடுத்த நாள்தான் வாசகசாலைச் சுவரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். இளைஞர் மன்றத்துப் பையன்கள் தை மாதத்தில் ஒரு பந்தயம் வைக்கிறார்கள். முதலில் ஏரியில் நீச்சல்: மதகிலிருந்து, தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கும் பீப்பாய்வரை போய்த் திரும்ப வேண்டும். கரையேறியதும் பொதட்டூர்பேட்டை சாலையில் சைக்கிள். அது முடிந்ததும் மலைக்கோயில் படிகளில் ஓட்டம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஓய்வே கிடையாது. கீழே, 'ஆண், பெண் இருபாலரும் சேரலாம். வயது வரம்பு இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியவர்கள் என்னை நினைத்து எழுதவில்லை. அதனாலேயே அதை இன்னொரு முறை படித்தேன். பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

சைக்கிளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். படிக்கிற காலத்தில் கான்வென்ட் மதிலுக்குள் ஓட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மதிலுக்குள் லாரி வந்ததில்லை. இப்போது வாடகைக் கடையிலிருந்து பெண்கள் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு, புடவைக்கு மேல் உங்கள் தம்பியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறேன். பின்னால் ஹாரன் கேட்டால் இறங்கி நின்றுவிடுகிறேன். பந்தயத்தில் அப்படி இறங்கலாமா என்று தெரியவில்லை. அதையும் கேட்க வேண்டும்.

தண்ணீர்தான் பயம். உண்மையான பயம். ராத்திரி படுத்தால் மூக்கில் தண்ணீர் ஏறுவதுபோல் இருக்கும். நம் தோட்டத்தை அடுத்த பெரிய கிணறு முனியம்மாவுடையது. காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை முதுகில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஐய, எனக்கெங்கம்மா தெரியும்? கயிறு புடிக்கத் தெரியும். எறங்குங்க."

"கயிற்றை விடக்கூடாது."

"வுடுவனா? வுட்டா போலீஸ்காரன் என்னத்தானே கேப்பான். உங்களயா கேப்பான்?"

இப்படித்தான், நீந்தத் தெரியாத ஒருத்தி மேலே நின்று கயிறு பிடிக்க, நீந்தத் தெரியாத இன்னொருத்தி கீழே நீச்சல் பழகினாள். "கால ஒதைங்கம்மா! சப்பாத்தி மாவாட்டம் தண்ணிய பெசஞ்சிகினு இருக்கீங்களே!" என்று மேலிருந்து சத்தம் போடுவாள். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டியிருப்பீர்கள். திட்டிவிட்டு நீங்களும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருப்பீர்கள், இல்லையா?

அந்தச் சமயத்தில்தான் மாட்டுக்காரர் பார்த்தார். கத்தினார். ஆள் சேர்ந்தது. முனியம்மா எவ்வளவோ சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. மெட்ராஸிலிருக்கும் என் மகன் ரவிக்கு யாரோ டிரங்க் கால் போட்டிருக்கிறார்கள். அவன் அடுத்த ரயிலைப் பிடித்து வந்து நின்றான். நான் அப்போது சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, சேதி கேட்டு எனக்குக் கை கால் ஓடல. நீங்க சைக்கிள் தொடச்சிகினு இருக்கீங்க!"

"நீச்சல் கத்துக்கிறேன், ரவி. பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கேன்."

"இந்த வயசுலயா? யாரு உங்களக் கூப்ட்டாங்க?"

"சுவத்துல எழுதியிருந்தது."

தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். காபி கொடுத்தேன். குடித்தபின் கொஞ்சம் தணிந்தான். "சரி. அவங்களே உங்களச் சேத்துக்க மாட்டாங்க, பாருங்க. அப்ப வீட்டப் பூட்டிகினு என்னோட வந்துடணும். தனியா இருந்து இருந்துதான் இதெல்லாம் தோணுது," என்றான்.

"சேத்துக்கிட்டா?"

"சேத்துக்கிட்டா நான் வாயத் தொறக்கல."

ஒப்புக்கொண்டேன். ரவி நல்ல பிள்ளை. அவன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் பார்க்கலாம். அது எனக்கு வேண்டாம், வதினா. இந்த வீட்டில் தனிமை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இது உங்களோடு இருந்த வீட்டின் தனிமை. அங்கே போனால் அதுவும் என்னோடு இருக்காது.

கிணற்றுப் பக்கம் இப்படி என்றால், மலைப் பக்கம் வேறு கதை. விடியற்காலையில் படியேறி ஓடுகிறேன். ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன், பாதிக்கு மேல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். செருப்பில்லாத காலில் கல் ஜில்லென்று ஏறுகிறது. நடுவழியில் பூ விற்கிற அம்மா ஒருத்தி தினமும் என்னைப் பார்க்கிறாள்.

"என்னா வேண்டுதல்மா? புள்ளைக்கா?"

"வேண்டுதல் எதுவும் இல்லை. பந்தயத்துக்குப் பழகுறேன்."

"ஆங், ஆங். வெளிய சொன்னா பலிக்காதுதான். சொல்லாதீங்க!" என்று கண்ணைச் சிமிட்டினாள். மறுநாள் யாரோ ஒரு பெரியவர் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் எங்கும் நிற்காமல் மேலேவரை ஓடினேன். ஆக, கிணற்றுப் பக்கம் நான் சாகப் போகிறவள். மலைப் பக்கம் சாமிக்கு நேர்ந்துகொண்டவள். சும்மா, ஓட வேண்டும்போல் இருந்ததால் ஒரு பெண் ஓடுகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் சுரைக்குடுக்கையைக் கழற்றிவிட்டேன். கயிறு மட்டும். கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்ச் சேர்ந்து கல்லைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தால், முனியம்மா கயிற்றைத் தளர்த்திவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பிடிக்கவே இல்லையாம். நானே வந்திருக்கிறேன்.

ஈரப் புடவையோடு வீட்டுக்கு ஓடிவந்து, வாசற்படி தாண்டும்போதே, "வதினா, தாண்டிட்டேன்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு நடையிலேயே நின்றேன். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கிற்று. இதை நான் யாரிடம் சொல்வது?

நேற்று மன்றத்துச் செயலாளரும் அவர் சிநேகிதர் ஒருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையான பையன்கள். செருப்பை வெளியே விட்டார்கள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா," என்றார் செயலாளர். "உங்க பேர எடுக்கல. நீங்க தாராளமா கலந்துக்கலாம். ஆனா தேங்கா ஒடச்சி, சூடம் ஏத்தி, பசங்க எல்லாம் கெளம்பினப்புறம் நீங்க நிதானமாக் கெளம்புங்க. உங்களுக்கு டைம் தனியாப் பாத்துக்கறோம்."

"ஏன்?"

"இல்லம்மா, சில பேரு வூட்ல பெரியவங்க... மொதல்ல கெளம்பற எடத்துல..." அதற்கு மேல் உள்ள வார்த்தையைக் காபியோடு விழுங்கிவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல காரியம் தொடங்கும் இடத்தில் தாலியில்லாதவள் முன்னால் நிற்கக் கூடாது. அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது, பாவம்.

சிநேகிதர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "அதுவரிக்கும் அரச மரத்தடில நாற்காலி போட்டு வெக்கிறோம்மா. நல்ல நாற்காலி. பிரம்பு நாற்காலி."

யோசித்துச் சொல்கிறேன் என்று வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

ராத்திரி முழுவதும் ரவியின் கல்யாணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொந்த மகன் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் நாம் இருவரும் சாமான் அறையில், வாழைத்தாருக்கும் அப்பளக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நாமாகவே எழுந்து போனோம். கெட்டிமேளம் கேட்டதும் என் கண் கலங்கியது. உடனே நீங்கள், "ஏம்மே, ஒப்பாரி வெக்காத. அங்க மாலை மாத்தட்டும், நாம அப்பளம் மாத்திக்கலாம்," என்று ஒரு பச்சை அப்பளத்தை ஒடித்து என் வாயில் திணித்தீர்கள். உப்பும் உளுந்து மாவும் நாக்கில் ஒட்ட, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்று எனக்கு அவமானமாக இருக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். பின்னால் நிற்பதும் இருவராக நின்றால் ஏதோ நாமே பிடித்து உட்கார்ந்த இடம்போலத்தான் இருந்தது. அரச மரத்தடியில் அவர்கள் போடப் போவது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து, எல்லோரும் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, நான் யாருடைய கையைப் பிடித்துக்கொள்வேன்?

தனியாகப் புறப்பட்டுத் தனியாக வந்து சேர்வதற்குப் பந்தயம் எதற்கு? அதைத்தான் நான் தினமும் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேனே. ரவி கேட்டால், சேர்த்துக்கொண்டார்கள் என்று என்னால் மனசாட்சியோடு சொல்ல முடியாது. வாக்குப்படி வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனோடு போக வேண்டியதுதான்.

அதனால் ஒன்று உறுதியாகச் சொல்கிறேன், வதினா. நான் எல்லோருக்கும் கடைசியில் வரலாம். பீப்பாய்வரை போகாமல் பாதியில் யாராவது என்னைத் தூக்கிக் கரையில் போடலாம். லாரிக்குப் பயந்து சைக்கிளை விட்டு இறங்கலாம். ஆனால் கடைசியில் புறப்பட மாட்டேன். சுண்ணாம்புக் கோட்டில் மற்றவர்கள் நிற்கும் இடத்தில், அவர்கள் நிற்கும் நேரத்தில் நிற்பேன். அல்லது அங்கே போகவே மாட்டேன்.

இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டப் போகிறேன். மன்றத்துக்கு எழுதினால் மடித்து வைத்துவிடுவார்கள். செத்துப்போனவருக்கு எழுதினால் ஊரே நின்று படிக்கும்.

என்றும் உங்கள் தம்பி மனைவி,
சுசீலா

மன்றத்துச் செயலாளர் அவர்களுக்கு: இதை நீங்களும் படித்திருப்பீர்கள். தொடக்கக் கோட்டில் மற்றவர்களோடு சேர்ந்து நான் நிற்கலாமா, கூடாதா? கூடாது என்றால் காரணம் என்ன? வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டாம். எழுத்தில், கையெழுத்திட்டுப் பதில் அனுப்புங்கள்.