போல்ட்டில் மூன்று சுற்று

புதுவாயல்,
8-12-1974

சிரஞ்சீவி துளசிராமனுக்கு அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் கங்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு முதலில் ஒரு வரி எழுது. குளிர் அதிகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் நைனாவின் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் அனுப்பினால் நனைந்துவிடும் என்று பயம். மழை விட்டு நாலு நாள் ஆகிறது. மேட்டுக் கழனியில் பயிர் நிற்கிறது, ஏரியை ஒட்டிய கழனி மட்டும் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது, குப்பன் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து கலப்பையைத் துடைத்து வைக்கிறான். கங்காவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். நைனா எப்போது வருவார் என்று கேட்பதை அவளாகவே நிறுத்திவிட்டாள். நான் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். அழுகை வரவில்லை. லட்சுமியம்மாள் அத்தை இதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி, சொல்லட்டும். புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து தெரிகிறது, அர்த்தம் ஏறுவதில்லை, அதனால் இப்போது படிப்பதும் இல்லை.

உன் கடிதமும் அதனுடன் நீ எழுதி அனுப்பிய மனுவும் போன திங்கட்கிழமை வந்தன. நம் டிரைவர் செங்கல்வராயன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி உன் நைனாவைக் கொன்றான் என்று அதில் எழுதியிருக்கிறாய், நான் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நீயும் போட்டுக் கோர்ட்டுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாய். கேஸ் இருபதாம் தேதி பொன்னேரியில் வருகிறது. அந்த மனு போய்ச் சேர்ந்தால் அவன் ஜெயிலுக்குப் போவது நிச்சயம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம், பொறுமையாக முழுவதும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ ஆடி மாதம் வந்துவிட்டுப் போன பிறகு நடந்தது இது. பழவேற்காட்டிலிருந்து மீனும் இறாலும் ஏற்றிக்கொண்டு நம் ஸ்டேஷன் வேகன் ஏரிக்கரை மண் ரோட்டில் வரும்போதெல்லாம் சேற்றில் பதிந்து நின்றுவிடும், உனக்குத் தெரியும். வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டால் எட்டு ஆள் தள்ள வேண்டும், அதற்குள் ஐஸ் கரைந்துவிடும், மெட்ராஸ் லாரி போய்விடும். போன வருஷம் மழையில் மூன்று முறை கூடை கூடையாகக் கொட்ட வேண்டி வந்தது. அதனால் இந்த மழைக்கு முன்பே உன் நைனா மிலிட்டரி ஏலத்தில் பெரிய டயர் நாலு எடுத்துவந்தார். பழைய டயரைவிட நாலு விரல் உயரம், அகலமும் அதிகம், பல்லு பல்லாக இருந்தது. வாசலில் உருட்டிவிட்டபோது கங்கா அதற்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மழை பிடித்த பிறகு நம் ஊர் மெக்கானிக் தாவீதை வரவழைத்து மாட்டினார்கள். மாட்டியது சுலபம், வண்டி நகர்ந்ததும் உரச ஆரம்பித்தது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினால் மட்கார்டில் உரசியது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் உரசியது. தாவீது மட்கார்டின் ஓரத்தை வெட்டி உள்பக்கமாகத் தட்டி மடித்தார், ஸ்பிரிங் பட்டை அடுக்கில் ஒரு பட்டை கூடுதலாக வைத்து வண்டியைத் தூக்கினார், மேலே உரசுவது நின்றது. உள்ளே உரசுவது மட்டும் நிற்கவில்லை. "அண்ணாத்தே, இப்படியே வுட்டா ஒரே வாரத்துல டயரு தோலு உரிஞ்சிக்கினு நிக்கும், அப்பால என்ன கேக்காதே" என்று கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் உன் நைனாவுக்கு வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஞாபகம் வந்தது. அதை அலமாரியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் பின்கட்டுக் கதவு ஓரம் நின்றுகொண்டு படித்து, தமிழில் சொன்னேன். தாவீது பத்தடி தூரத்தில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், நான் சொல்வது அவர் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் நான் உன் நைனாவிடம்தான் சொல்வேன், அவர் அதையே இன்னும் சத்தமாகத் தாவீதுக்குச் சொல்வார், தாவீது கேட்கும் சந்தேகமும் அதே வழியாகத்தான் திரும்பி வரும். வேறொருவர் வீட்டுப் பெண்ணிடம் வேலை விஷயம் நேராகப் பேசுவது நம் பக்கத்தில் வழக்கமில்லையே. "எங்க ஊட்டு இஞ்சினீரு இன்னா சொல்றாங்கன்னு ஒழுங்கா கேட்டுக்கோ, அப்பால கூலிய கொறைக்கப் போறேன்" என்று உன் நைனா அவரைக் கேலி செய்தார். "அப்டின்னா இஞ்சினீரையே வண்டிக்கடில படுக்கச் சொல்லு" என்று அவர் அடியிலிருந்தே பதில் கொடுத்தார். டயர் அந்த ஸ்பிரிங் பட்டையைத் தொட்டால், சக்கரம் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று தடுத்து நிறுத்தும் போல்ட்டை வெளியே திருகி வைக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது, அதைச் சொன்னேன். தாவீது ஒரு சுற்று திருகிப் பார்த்தார், தொட்டது. இரண்டாவது சுற்றிலும் தொட்டது. மூன்றாவது சுற்றில் ஒரு விரல் இடைவெளி கிடைத்தது.

அதற்கு அடுத்த வரியையும் நான் படித்தேன். இப்படித் திருகிய வண்டி முன்னைப்போல் ஒடுங்கித் திரும்பாது, திரும்ப அதிக இடம் வேண்டும், ஓட்டுகிறவருக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. என் விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது. அந்த நேரம் தாவீது வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, முதல் தடவையாக என்னைப் பார்த்து நேராக, "ரொம்ப டாங்க்ஸ்மா, நீங்க இல்லாங்காட்டி ரெண்டு நாளு இதோட பேஜாரு பட்டிருப்பேன்" என்றார். உன் நைனாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. இந்த வீட்டுக்கு நான் வந்தபோது உனக்குப் பதிமூன்று வயது, உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாம் தாரமாக வந்தவள் சதா புத்தகமும் கையுமாக இருக்கிறாள் என்று பேசாதவர்கள் இல்லை, என் படிப்பு இந்த வீட்டில் யாருக்கும் எதற்கும் உதவியதுமில்லை. அன்றைக்குத்தான் உதவியது. அந்தச் சமயத்தில் "ஆனால்" என்று ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காபி குடிக்க உள்ளே வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடினேன். உன் நைனா வந்தார், குடித்தார், நான் சொல்லவில்லை. மறக்கவில்லை, துளசி. சொல்லவில்லை.

தாவீதுக்குத் தெரியாதா என்று கேட்பாய். அவருக்குத் தெரியும். பிறகு கேட்டபோது, "அகலமா வாங்கணும்னு ஓட்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா" என்றார். உன் நைனாவுக்குத் தெரியாது. சாயங்காலம் நெடுஞ்சாலையில் நேராகப் போய் நேராக வந்தார், நம் களத்தில் வேண்டிய இடம் இருக்கிறது, சுற்றித் திருப்பி நிறுத்தினார், உரசவில்லை, அவ்வளவுதான் அவர் பார்த்தது. செங்கல்வராயன் அப்போது மூன்று நாளாக இங்கே இல்லை. அவன் பெண்சாதி கோவிந்தம்மாவுக்கு ஆரணியில் பிரசவம், பெண் குழந்தை. மறுநாள் காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கினான், இறங்கியதும் டயரைப் பார்த்து, "இன்னா நைனா, மூணு நாளு நான் இல்ல, அதுக்குள்ள வண்டிக்கு பூட்ஸு மாட்டி வுட்டுட்டே" என்றான். "உனக்குப் பொண்ணு பொறந்துச்சே, அதுக்குத்தான்டா" என்றார் உன் நைனா. குளத்தில் குளித்துவிட்டு, நான் கொடுத்த நாஷ்டாவைச் சாப்பிட்டு, வண்டி எடுத்தான். அவன் வாயில் எந்த வாடையும் இல்லை. தட்டை நான்தான் எடுத்தேன், எனக்குத் தெரியும்.

பழவேற்காடு போகிற வழி ஏரிக்கரை வரைக்கும் நேர் ரோடு. கரை ஏறியதும் மதகின் மேல் வலது பக்கம் ஒரே திருப்பம், அதில் அவன் ஆறு வருஷமாக ஒரே மூச்சில் ஒடித்துத் திருப்புவான், நிறுத்தவே மாட்டான். அன்றும் அப்படித்தான் ஒடித்திருக்கிறான். வண்டி பாதி திரும்பி, மேலே திரும்ப மறுத்து, இடது முன் சக்கரம் கரையின் விளிம்பை விட்டுவிட்டது. மதகுக் கால்வாயில் தண்ணீர் கரைமட்டம் போய்க்கொண்டிருந்தது. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, உன் நைனா இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். செங்கல்வராயன் தன் பக்கக் கதவு வழியாக மேலே வந்து, நாலு முறை தண்ணீருக்குள் முங்கியிருக்கிறான், கழனியில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர் பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, எதிலும் பழுதில்லை என்று எழுதிவிட்டார். அது உண்மைதான், பழுது ஒன்றும் இல்லை. வண்டி சரியாக இருந்தால் ஓட்டியவன் சரியில்லை என்று ஆகிவிட்டது. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஆரணியில் குடித்திருப்பான் என்று யாரோ சொன்னார்கள், இரண்டு நாளில் அது எல்லோரும் பார்த்ததைப்போல ஆகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில் நீ அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, "சின்னவரே, ஒடிச்சேன், பாதில நின்னுபோச்சு, மேல வரல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நீ நம்பவில்லை. உன்மேல் குற்றமில்லை. நான் கூடத்தில்தான் நின்றிருந்தேன், அவன் சொல்வது முழுக்க எனக்கு விளங்கியது, பேசாமல் நின்றேன்.

உன் மனு வந்த மறுநாள் கோவிந்தம்மா கைக்குழந்தையோடு பின்கட்டில் வந்து நின்றாள். காசு கேட்க வந்தாளோ என்று நினைத்தேன். "எங்க ஊட்டு ஆளு குடிக்கிற ஆளா இருந்தா நானே வந்து சொல்லிடுவேன்மா, மானம் கீனம்லாம் பாக்கமாட்டேன். பொண்ணு பொறந்துச்சேன்னு மூஞ்சத் தூக்கிவெச்சிக்குவாருன்னு பாத்தா, மூணு நாளும் புள்ளய மடில போட்டுக்கினு ஈ ஓட்டிக்கினு இருந்தாரு. இப்போ சோறும் துன்றதில்ல, புள்ளயத் தொடறதும் இல்ல. உங்க கையால சோறு போட்டீங்களே, நீங்களுமாம்மா நம்புறீங்க" என்றாள். நம்பவில்லை என்றேன். அப்படியானால் அதை ஏன் வெளியே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை குப்பனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். போகும் வழியில் தாவீதைக் கூப்பிட்டேன். "என் பேர இதுல இஸ்த்து வுடாதீங்கம்மா, புள்ளகுட்டிக்காரன்" என்று முதலில் கும்பிட்டார், பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அங்கே இருந்த ரைட்டர், "நீங்களே வந்து உங்க தலையில இன்னாத்துக்கும்மா இதைப் போட்டுக்கிறீங்க, போனவரு திரும்பியா வரப்போறாரு" என்றார். உன் நைனாவுக்காக வரவில்லை என்று சொன்னேன். ஸ்டேஷன் பின்பக்கம் நம் வேகன் சேறு காய்ந்து நின்றுகொண்டிருக்கிறது, உள்ளே இன்னும் மீன் நாற்றம். தாவீது முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி ஸ்டியரிங்கை ஒடித்தார், சக்கரம் ஒரு இடத்தில் வந்து நின்றது. ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் சுண்ணாம்புக் கட்டியால் அங்கே தரையில் கோடு போடச் சொன்னார். போல்ட்டை மூன்று சுற்று உள்ளே திருகிவிட்டு மறுபடி ஒடித்தபோது, சக்கரம் கோட்டைத் தாண்டி நாலு விரல் போய்ப் பட்டையைத் தொட்டு நின்றது. நாலு விரல்தான், துளசி, நான் என் கையை வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டினேன், இந்த முறை நடுவில் ஆள் இல்லாமல் நேராகவே சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார், எழுதிக் கொடுத்தேன். நான் படித்தேன், ஓட்டியவருக்குச் சொல்லவில்லை, அவர் மேல் தவறு இல்லை என்று மூன்று வரி. இருபதாம் தேதி கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்வேன். இதனால் எனக்கு என்ன வரும் என்று ரைட்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அதைப் பற்றி யோசிக்க முயன்றால் ஒன்றுமே தோன்றுவதில்லை.

நீ எழுதிய மனுவை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். அதைக் கிழித்துவிடு. நீ வேறு நகல் வைத்திருந்தால் அதையும் அனுப்பாதே, பெற்ற பிள்ளையே எழுதிக் கொடுக்கிறான் என்றால் என் மூன்று வரி அதற்கு முன்னால் நிற்காது. கோபம் யார் மேலாவது இருந்துதான் ஆக வேண்டும் என்றால் என் மேல் இருக்கட்டும், அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன், சமாதானமும் சொல்ல மாட்டேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடாதே. கழனியைக் குப்பனும் நானும் பார்த்துக்கொள்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, உலைப் பக்கம் வேலை முடித்து வந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனசும் கொடுக்கட்டும். கங்கா உனக்கு முத்தம் எழுதச் சொன்னாள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செங்கல்வராயனுக்கு ஒரு கார்டு போடு, எனக்கு எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேலவீதி, ஆரணி என்று போட்டாலே போய்ச் சேரும். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேள். அவனுக்குப் படிக்கத் தெரியாது, கோவிந்தம்மா படித்துச் சொல்வாள்.

இப்படிக்கு,
ரத்னா

சித்தி என்று போடவில்லை. அது நீ எழுதும் பதிலில் இருந்தால், அடுத்த கடிதத்திலிருந்து போடுகிறேன்.