கருவாட்டு வாசம் போன தூக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிடுவீங்க. அதான் எழுதி, குழம்புத் தூக்கு இருக்கிற பையிலேயே வைத்து பஸ்ஸில் கொடுத்து விடுறேன்.

கம்பெனியில் தியான வகுப்பு வெச்சாங்களாமே. "சந்தோசம் நமக்குள்ளயே இருக்குடி, அதுக்கு யாரும் வேண்டாம்"னு நேத்து சொன்னீங்க. ரொம்ப நல்லது சாமியாரே! மூணு ஞாயிறா மத்தூர் வீட்டுப் பக்கம் வராததுக்கும் அதுதான் காரணமா?

ஒண்ணு மட்டும் புரியலை. இருபத்திரண்டு வருசமா சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மனுசன் நீங்க. வாராவாரம் நான் பஸ்ஸில் அனுப்புற தூக்கு, கருவாட்டுக் குழம்பு காய்ஞ்சு நாறிக்கிட்டுத்தான் திரும்பி வரும். இப்போ எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்ச்சு, வாசமே இல்லாம வருது. மத்திகிரி ரூமில் தனியாத்தானே இருக்கீங்க? தியானம் பாத்திரமும் தேய்க்குமா?

நானும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். எனக்குள்ளேயும் நீங்கதான் சம்மணம் போட்டுச் சோறு கேட்டீங்க.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வர்றேன். ரூமில் யாரும் இல்லைன்னா, திட்டிக்கிட்டே சமைச்சுப் போடுறேன். யாராவது இருந்தா ஒளிக்க வேண்டாம். எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சாப்பிட முடியுதான்னு பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்க பெண்டாட்டி