பிள்ளையாருக்கு அடியில் நைட்ரேட்

அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பீங்கான் பிள்ளையாரை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் நீல நிறத்தில் NO₃⁻ என்று உன் கையெழுத்து. துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இறந்துபோய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நாம் இருவரும் பிளஸ் டூ வேதியியலில் கோட்டை விட்டு, விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். "இன்னொரு தடவ எழுது. அதுலயும் போச்சுன்னா கல்யாணம்தான்" என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். உனக்கோ நர்ஸாக வேண்டும்.

புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால், சூளையில் முதல் சூடு முடிந்து வரும் பொம்மைகளின் அடியில் பென்சிலால் ஒவ்வோர் அயனியாக எழுதி என் பக்கம் தள்ளுவாய். நான் பெயரைச் சொல்ல வேண்டும். நான் எழுதித் தள்ளினால் நீ சொல்ல வேண்டும். அடுத்த சூட்டில் பென்சில் எழுத்து எரிந்துவிடும், யாருக்கும் தெரியாது. எனக்கு மின்சுமைதான் எப்போதும் விட்டுப்போகும். "SO₃னு மட்டும் எழுதுனா அது வெறும் ஆக்சைடுடி. மேல ரெண்டு மைனஸ் போட்டாத்தான் சல்பைட்டு" என்று தலையில் குட்டுவாய்.

ஒரு நாள் பென்சிலைக் காணாமல், பொம்மைக்குக் கண் வரையும் நீலச் சாயத்தைத் தொட்டு எழுதிவிட்டாய். அது சூளையில் எரிந்துபோகுமா? ஒரு தட்டுப் பிள்ளையார்கள் அத்தனை பேரும் நைட்ரேட்டோடு வெளியே வந்தார்கள்.

"சாமிக்கு அடியில இதென்ன மாந்திரீகமா?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"படிப்புங்க. வேலைய வுட்டு அனுப்பறதா இருந்தா, பரீட்சை முடிஞ்சப்புறம் அனுப்புங்க" என்றாய். அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பென்சிலு வேணும்னா என்னாண்ட கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சையில் நான் தேறினேன், நீ தேறவில்லை. உன் முகத்தில் விழிக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டில் ஒளிந்து நின்றேன். நீயே தேடி வந்தாய். "நீ பாஸானது நல்லதாப் போச்சு. இனிமே நான் சொல்றது தப்புன்னா தைரியமா தப்புன்னு சொல்லுவ இல்ல?" என்றாய். அண்ணன் கொண்டுவந்த மாப்பிள்ளை போட்டோவைக் கவர்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாய். அவர் உன்னோடு பேசுவதையே நிறுத்தினார். மார்ச்சில் மறுபடி எழுதித் தேறினாய், நர்ஸும் ஆனாய்.

கல்யாணத்தோடு நான் பாதியில் விட்ட பி.எஸ்சி.யை முடிக்கச் சொல்லி, நோயாளியாகக் கட்டிலில் கிடந்தபோதும் நச்சரித்தாய். அப்போது சிரித்து மழுப்பினேன். அழுதுகொண்டே இருக்கப் போவதில்லை. இந்த வருடம் அஞ்சல் வழியில் மறுபடி சேர்ந்துவிட்டேன். இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும். முதல் தாள் வேதியியல்தான். தேறாவிட்டால் மறுபடியும் எழுதுவேன்.