பதினேழாம் கேள்வியின் 'சில'

அனுப்புநர்:
பம்ப் இயக்குநர், காலை ஷிப்ட்,
நீரேற்று நிலையம்.

பெறுநர்:
தேர்வு அலுவலர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: மேற்பார்வையாளர் தேர்வு – 17ஆம் கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒரே ஒரு மேற்பார்வையாளர் பணிக்கான தேர்வில் நான் முதலிடம் பெற்றேன். என்னுடன் பணிபுரியும் என் நாத்தனார் ஒரு மதிப்பெண் குறைவாக இரண்டாமிடம். அந்த ஒரு மதிப்பெண்ணைப் பற்றியதே இம்மனு.

2. கேள்வி இது: 'சில வால்வுகள் மூடியுள்ளன. ஆகவே, சில வால்வுகள் திறந்துள்ளன. இம்முடிவு சரியா?' நான் 'சரி' என்று எழுதினேன். தங்கள் விடைக்குறிப்பும் அதையே சொல்கிறது. நாத்தனார் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதினார். இவ்வளவு எளிய கேள்வியில் கோட்டை விட்டதற்காக அவரை நான் கேலி செய்யாத நாளில்லை.

3. சென்ற திங்கட்கிழமை காலை, முந்தைய ஷிப்ட்காரர் கிளம்பும்போது, "சில வால்வு மூடியிருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மீதி வழியாகத் தண்ணீர் போய்விடும் என்று நான் மோட்டார் சுவிட்சில் கை வைத்தேன். நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இருங்க அண்ணி. மிச்சம் தெறந்திருக்குன்னு அவர் சொல்லவே இல்லையே."

4. வால்வு அறைக்குள் இறங்கிப் பார்த்தோம். நான்கும் மூடியிருந்தன. ஷிப்ட்காரர் பொய் சொல்லவில்லை ஐயா. படியருகே இருந்த இரண்டைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். மோட்டாரைப் போட்டிருந்தால் அழுத்தம் தாங்காமல் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அதற்கு எதிரேதான் என் நாற்காலி.

5. அந்த ஈரத் தரையிலேயே மலைத்து நின்றுவிட்டேன். பேசக் கற்ற நாள் முதல் என் வாயில் புழங்கும் சொல் 'சில'. கொஞ்சமாவது உண்டு என்பதற்கு மட்டுமே அது ஜாமீன் நிற்கிறது. மற்றதைப் பற்றி வாயே திறப்பதில்லை. எல்லாமாகவும் இருக்கலாம்! இத்தனை சிறிய சொல்லுக்குள் இவ்வளவு இடமா என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதைத் தேர்வுத் தாளிலும் வால்வு அறையிலும் பிசகாமல் படித்தவர், தினமும் என்னோடு அடுப்படியில் மல்லுக்கு நிற்பவர் என்பது அதைவிடப் பெரிய வியப்பு.

6. விடையைத் திருத்தினால் எனக்கு ஒரு மதிப்பெண் போகும், அவருக்கு ஒன்று வரும், பணியும் அவருக்கே போகும். வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். இம்மனு அவருக்குத் தெரியாது, தெரிந்தால் கிழித்துப்போடுவார்.

ஆகவே, விடைக்குறிப்பைத் திருத்தி அருளுமாறு வேண்டுகிறேன். எனக்கு வந்த பணி ஆணையைக் கையெழுத்திடாமல் இணைத்துள்ளேன். அடுத்த முறை நான் அவசரப்பட்டுச் சுவிட்சில் கை வைக்கும்போது, என் கையைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் அவருக்கு முறைப்படியே இருக்கட்டும்.

இடம்: நீரேற்று நிலையம்
நாள்: ஆணையில் கையெழுத்திடக் கடைசி நாளுக்கு முதல் நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
பம்ப் இயக்குநர்,
இன்றுவரை முதலிடம்.