மாமி சமைக்காத மரவள்ளிக்கிழங்கு

என்ரை இஞ்சாருங்கோ,

இருபத்தெட்டு வருடம் இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் செத்தபிறகும் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து உங்கள் படத்துக்கு முன்னால் படைத்தோம். நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், கொஞ்சம் விஸ்கிகூட. நடுவில் அந்த மரவள்ளிக்கிழங்கு. நீங்கள் ஞாயிறுதோறும் செய்வதுபோலவே அவித்து, நிறைய உள்ளிப்பூண்டை ஒலிவ் எண்ணெயில் தாளித்து, புளித்தோடம்பழச் சாறு விட்டிருந்தேன். இதே நகரத்தில் வெக்ஸ்போர்ட்டிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். மாமியின் கைப்பக்குவம் என்றேன்.

"எங்கடை அம்மாவோ? அவ உள்ளியை உப்பிடி அள்ளிப் போட்டுச் சமைச்சதை நான் ஒரு நாளும் காணேல்லை. மரவள்ளியெண்டாலே அவவுக்கு ஆகாது."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கலியாணத்துக்கு முன்பே செத்துப்போன மாமியோடு, இந்தக் கிழங்கு வீட்டுக்கு வந்த பதினாறு வருடமும் போட்டி போட்டுத் தோற்றிருக்கிறேன். மாமி இல்லையென்றால் உங்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்தது யார்? ஒலிவ் எண்ணெயைக் கண்டபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எந்த யாழ்ப்பாணத்து அடுப்படியில் ஒலிவ் எண்ணெய் இருந்தது? பிரஷருக்கு நல்லது என்றீர்கள். நானும் நம்பினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, நம்முடைய வீடிருக்கும் மல்வேர்னிலிருந்து பஸ் எடுத்து, ட்ரெயின் மாறி, நீங்கள் வேலை செய்த கியூபாச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். லொக்கரில் கிடக்கும் உங்கள் சாமான்களை எடுக்க வந்தேன் என்று ஒரு சாட்டு. குசினியில் பொம்பிளை யாராவது இருக்கிறாளா என்று பார்க்கத்தான் போனேன். இருந்தாள். மரீசா. என்னிலும் இளமை, உதட்டில் சிவப்புச் சாயம். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். இவளுக்கு இவ்வளவு அழுகை எதற்கு என்று நினைத்தேன்.

பிறகு இருத்திவைத்து, வெள்ளைச் சோறு, கறுத்த பீன்ஸ் கறி, பொரித்த வாழைப்பழம் என்று ஒரு கோப்பை நிறையப் போட்டுத் தந்தாள். ஓரத்தில் மரவள்ளிக்கிழங்கு. ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது.

அவள் சொன்னதைக் கேளுங்கள். பதினாறு வருடத்துக்கு முன்பு நீங்கள் வேலைக்குச் சேர்ந்த கிழமை எனக்கென்று ஒரு பெட்டியில் இதைக் கொடுத்துவிட்டாளாம். மனிசி எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டாள், எப்படிச் செய்வதென்று காட்டு என்று மறுநாள் போய் நின்றீர்களாம். அவளுடைய அம்மா ஹவானாவில் செய்யும் முறையாம். அம்மாவின் கைப்பக்குவம் என்று நீங்கள் சொன்னதில் பொய்யில்லை, யாருடைய அம்மா என்பதில்தான் பொய்.

அந்தப் பெட்டி எனக்கு நினைவிருக்கிறது. மாடும் பன்றியும் அவியும் குசினியிலிருந்து ஒன்றும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று, மூடியைத் திறக்காமலே உங்கள் கண் முன்னால் குப்பையில் போட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு கோப்பையோடு வந்து நின்றீர்கள்.

"அம்மான்ரை கைப்பக்குவம். சாப்பிட்டுப் பாரும்."

அந்தப் பெட்டியில் இருந்ததை நான் உண்மையாகவே முழுவதும் சாப்பிட்டேனா என்று மரீசா கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? மாட்டிறைச்சியும் இவர் ருசி பார்த்தவரோ என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே உங்களைக் காட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை. ருசி பார்த்தீர்களா, பார்த்தீர்கள்தானே?

பஸ்ஸில் வீடு வரும்வரை உங்களைத் திட்டினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேனா? மாட்டேன். எனக்குப் பயந்துதான் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இன்னொருத்தி இருந்திருந்தால் உங்கள்மேல் கோபிக்கவாவது முடிந்திருக்கும். இப்போது யார்மேல் கோபிப்பது?

வருகிற ஞாயிறு மரீசாவை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் அக்காவும் வருவார். இது யாருடைய சமையல் என்று அவருக்கு நானே சொல்வேன். நம்முடைய சட்டி சரிவராது, தன் சட்டியைக் கொண்டுவரட்டுமா என்று மரீசா கேட்டிருக்கிறாள். கொண்டுவரச் சொன்னேன். சத்தியமாக, அதில் முன்பு என்ன சமைத்தாய் என்று கேட்க மாட்டேன்.

உங்கள் பொல்லாத மனிசி,
கமலா