கடைசித் தீனி

12-6-2006, திங்கள்
காலையிலேயே அனல் காற்று. நேற்று எங்கள் கடையில் கறி வாங்கிய பட்டாசுக் கம்பெனித் தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு. கம்பெனி போர்மேன் வீட்டம்மா எங்கள் வாசலில் நின்று கேட்டார்: "பன்னிக்கறியில என்னத்தக் கலந்தீக?" இன்னொரு ஞாயிறு இப்படி ஆனால் கடையை மூட வேண்டியதுதான்.

நாங்களும் அதே கறிதான் தின்றோம். ஒன்றும் ஆகவில்லை. குக்கரில் ஆறு விசில். அவர்கள் அரைவேக்காட்டு வறுவல். சரி, ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது?
சந்தேகம்: தண்ணீர். ஈ. கத்தி. வெட்டுக்கட்டை.

13-6, செவ்வாய்
முருகேசன் (கொழுந்தன், அறுப்பு அவர் வேலை) இல்லாத நேரம் பார்த்துக் கட்டையை மோந்து பார்த்தேன். பிடித்துவிட்டார்.
"ஏன் மதினி, நான் என்ன மல்லிப்பூவா விக்கேன்?"
கட்டை சுத்தம். கத்தியும் வெந்நீர் கண்டது. போகிறபோக்கில் சொன்னார்: "குடல்தான் கிளிஞ்சிருச்சு மதினி. அம்புட்டுச் சாப்பாடு உள்ள. தண்ணி ஊத்திக் களுவிட்டேன்."
குடல் ஏன் கிழிந்தது? தூக்கம் வரவில்லை.

15-6, வியாழன்
பன்றிக்குட்டிகளுக்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். விடவில்லை, எல்லாம் கேட்டேன். அவர் ஒன்றே ஒன்று திருப்பிக் கேட்டார்: "அறுக்குறதுக்கு முன்னாடி கடைசியா எப்ப தீனி வச்சீங்க?"

விடியற்காலை. சாதம், தவிடு, கருப்பட்டி. வயிறு நிறைய. போகிற உயிர் பசியோடு போகக்கூடாது என்று நான்தான் வைப்பேன். யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதல் நாள் சாயங்காலமே தீனியை நிறுத்த வேண்டுமாம், தண்ணீர் மட்டும். பன்றிக் குடலில் இருக்கிற கிருமி பன்றியை ஒன்றும் செய்யாதாம். நிறைந்த குடல் கத்தி பட்டால் கிழிந்து கறியில் கொட்டும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் பரவும். பட்ட இடத்தை வெட்டி எறியணுமாம்.
முருகேசன் கட்டையை மோந்து பார்த்தேனே, என் கையை மோந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

17-6, சனி
சாயங்காலம் ஐந்து மணி. நாளைக்கு அறுக்கிற பன்றி, கட்டையன் என்று கூப்பிடுவோம், அதைத் தனியே அடைத்தாயிற்று. தண்ணீர் மட்டும்.
"எடை கொறையுமே மதினி."
"கொறையட்டும்."
மற்றதுகளுக்குத் தீனி எடுத்தபோது வாளிச் சத்தம் கேட்டுக் கதவில் வந்து முட்டியது. என்னையே பார்த்தது. பாவம். உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

18-6, ஞாயிறு
வெயில் ஏறுமுன் அறுப்பு முடிந்தது. முதல் தடவையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குடல் தட்டையாக, முழுசாக வந்தது. முருகேசன் நுனியைக் கட்டித் தூக்கிக் காட்டினார். "பாத்தீகளா!" கறியில் ஒரு பொட்டு அழுக்கில்லை.
அந்தத் தெருவிலிருந்து போர்மேன் வீட்டம்மா மட்டும் வந்து அரைக் கிலோ கேட்டார். "செவப்பு போற வரைக்கும் வேக விடுங்க" என்றேன். முறைத்தார். இருந்தாலும் வாங்கிப் போனார்.
எனக்குத்தான் கறி இறங்கவில்லை.

20-6, செவ்வாய்
யாருக்காவது வயிறு கெட்டதா என்று பார்க்க, நேற்றும் இன்றும் கொத்தமல்லி வாங்குகிற சாக்கில் அந்தத் தெருவில் நின்றேன். போர்மேன் வீட்டம்மா டிபன் வாளியோடு வந்து கம்பெனி வேனில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.
"ஞாயித்துக்கிளம எனக்கு ஒரு கிலோ எடுத்து வைங்க."
தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து தீனி கலக்கினேன். வாளிச் சத்தத்துக்கு எல்லாம் ஓடி வந்தன. அடுத்த ஞாயிறு அறுப்புக்குப் போவது காதில் வெள்ளைப் புள்ளி உள்ள பன்றி. அதன் பக்கம் கருப்பட்டி கொஞ்சம் கூடவே போட்டேன்.
தீனி நிறுத்தும் சனிக்கு நாளிருக்கிறது. இன்று செவ்வாய்தானே.